கல்லைக் காட்டுங்கள்

யானைக்குத் தமிழில் எத்தனை பெயர் என்று கேட்டால் வேழம், களிறு, கரி, கைம்மா என்று மூச்சு விடாமல் அடுக்குவேன். பள்ளிக்கூடத்தில் தமிழ் ஐயாவாக இருந்தவனுக்கு அது ஒன்றும் பெரிய காரியமில்லை. ஆனால் என் சொந்த உடம்புக்குள், மூத்திரப்பைக்குக் கீழே எலுமிச்சங்காய் அளவில் உட்கார்ந்துகொண்டு ஓர் உறுப்பு என்னைப் பாடாய்ப் படுத்தியபோது, அதன் பெயரைத் தமிழில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. டாக்டர் பிராஸ்டேட் என்றார். நூலகத்தில் கலைச்சொல் அகராதியைப் புரட்டினேன். முன்னிற்கும் சுரப்பி என்று போட்டிருந்தது. நம் ஊர்க் கல்யாணங்களில் முன்னின்று நடத்துகிறவர் என்று ஒரு பெரியவர் இருப்பார். வேலை எதுவும் செய்ய மாட்டார், வழியை அடைத்துக்கொண்டு நிற்பார். மொழிபெயர்த்தவர் அனுபவஸ்தர்தான் என்று நினைத்துக்கொண்டு அகராதியை இருந்த இடத்தில் வைத்துவிட்டு வந்தேன்.

எண்பதுகள் பிறந்து கொஞ்ச நாள் ஆகியிருந்தது. நான் ஓய்வு பெற இன்னும் ஒரு வருஷம் இருந்தது. இடைவேளை மணி அடித்ததும் ஆசிரியர்கள் எல்லாரும் அந்த ஒற்றைத் தகரக் கதவுக்குப் பின்னால் போவோம். எனக்குப் பிறகு வந்தவர்கள் முடித்து, கை கழுவி, டீ குடித்து, அடுத்த வகுப்புக்கே போய்விடுவார்கள். நான் சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருப்பேன். அந்தச் சுவரில் பாசி எந்தப் பக்கமாகப் படர்கிறது என்பது எனக்கு மனப்பாடம். சொட்டும், நிற்கும், யோசிக்கும், மறுபடி சொட்டும். வேட்டியைச் சரிசெய்துகொண்டு வெளியே வந்ததும், இன்னும் பாக்கி இருக்கிறது என்று கூப்பிடும். மதுரைக்குள் நடப்பதற்கு எனக்கென்று தனி வரைபடம் ஒன்று மனதில் உருவாகியிருந்தது. மாசி வீதிகளில் எந்தச் சந்து மறைவானது, எந்த லாட்ஜில் மேனேஜர் கேள்வி கேட்க மாட்டார், சிம்மக்கல்லில் எந்த மொத்தக் கடைக்குப் பின்னால் சாக்கடை ஓடுகிறது என்பதெல்லாம் அதில் அடக்கம். கோயிலுக்கு வழி கேட்கும் வெளியூர்க்காரர்களுக்குக்கூட அந்தச் சந்துகள் வழியாகத்தான் நான் வழி சொன்னேன்.

ஒரு வெயில் நாளில் சிம்மக்கல் ஸ்டாப்பில் டவுன் பஸ்ஸுக்காக நின்றபோது சொட்டுவதும் நின்றுபோனது. ஒரு சந்துக்குப் போனேன், வரவில்லை. இன்னொரு சந்து, அங்கேயும் வரவில்லை. அடிவயிறு பானை மாதிரி வீங்கி, உடம்பெல்லாம் வேர்த்துக் கொட்டியது. ஓர் ஆட்டோவில் நெற்றி முழங்காலில் படக் குனிந்தபடி, வைகைக்கு வடக்கே இருந்த ஒரு சின்னத் தனியார் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தேன். ரப்பர் குழாய் ஒன்றை உள்ளே விட்டார்கள். அடுத்த நிமிஷம் எனக்குக் கிடைத்த சந்தோஷம் என் கல்யாணத்தன்றுகூடக் கிடைத்ததில்லை. இதை யோசிக்காமல் மனைவியிடம் சொல்லிவிட்டேன். அன்று முழுக்க அவள் எனக்கு முகம் கொடுக்கவில்லை.

டாக்டர் கையுறை மாட்டிக்கொண்டு, திரைக்குப் பின்னால் என்னை ஒருக்களித்துப் படுக்க வைத்துச் சோதித்தார். சபையில் சொல்லக் கூடாததை வேறு வார்த்தை போட்டு மறைத்துச் சொல்வதற்கு இலக்கணத்தில் இடக்கரடக்கல் என்று பெயர். வருஷா வருஷம் நடத்துகிற பாடம்தான். அது எதற்காக இருக்கிறது என்பது அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. சோதித்து முடித்து, கையைக் கழுவிவிட்டு வந்தவர், ஆபரேஷன் செய்து எடுத்துவிட வேண்டியதுதான் என்றார். பிறகு போகிற போக்கில் சொல்வது போலச் சொன்னார்:

"ஒரு பக்கம் கொஞ்சம் கெட்டியா இருக்கு சார். எடுத்தத டெஸ்ட்டுக்கு அனுப்பிப் பாத்துருவோம்."

கெட்டதா என்று கேட்டேன். பார்த்தால்தான் தெரியும் என்றார். நன்றாகப் படிக்கிற பையன்களை வாய் நிறையக் கெட்டிக்காரன் என்று கூப்பிட்டவன் நான். அந்தக் கெட்டிக்கும் கெட்டதற்கும் நடுவில் இவ்வளவுதான் இடைவெளி என்று யோசித்ததே இல்லை. எங்கள் தெருவில் ஒருவர் புற்றுநோயில் படுத்து, கடைசியில் பாயில் கிடக்கிற துணி போல ஆகிப் போனதை நான் பார்த்திருந்தேன். எனக்குப் பயமாக இருந்தது. சோறு இறங்கவில்லை. கெட்டதா இல்லையா என்கிற அந்த ஒரு கேள்வி, நான் எது செய்தாலும் கூடவே வந்தது.

மனைவியையும் கூப்பிட்டு உட்கார வைத்து டாக்டர் இன்னொன்றும் விளக்கினார். ஆபரேஷனுக்குப் பிறகு மற்றதெல்லாம் பெரும்பாலும் அப்படியேதான் இருக்கும், ஆனால் வெளியே வர வேண்டியது வராமல் உள்ளுக்குள்ளேயே போய்விடும் என்றார். என் மனைவி சுவரில் தொங்கிய காலண்டரில் அமாவாசை என்றைக்கு என்று தேட ஆரம்பித்தாள். பிள்ளைகள் எத்தனை பேர் என்று டாக்டர் கேட்டார். மூன்று என்றேன். "போதும்ல?" என்றார். மூத்த மகள் வயிற்றுப் பேரன் அப்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தான். இருந்தாலும் போதும் என்று சொல்ல எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

ஊருக்கு என்ன சொல்வது என்பதை வீடு வந்து சேர்வதற்குள் என் மனைவி முடிவு செய்துவிட்டாள். கல். சிறுநீரகத்தில் கல், ஆபரேஷன் செய்து எடுக்கிறார்கள், அவ்வளவுதான். குடலிறக்கம் என்று சொல்லலாமே என்றேன். அது இடுப்புக்குக் கீழே, இன்னும் மோசமான பேட்டை என்று சொல்லிவிட்டாள். கல் என்றால் கௌரவமான வியாதி. சம்பந்தி வீட்டில் சொல்லலாம், தெருவில் சொல்லலாம், சின்னப் பிள்ளைகள் காதில் விழுந்தாலும் பாதகமில்லை. முப்பது வருஷம் இலக்கணம் நடத்திய எனக்கு, அடுப்படியில் நின்றுகொண்டு அவள் ஓர் இடக்கரடக்கல் செய்து கொடுத்தாள். கூடப் பிறந்த அண்ணனிடமும் அதையேதான் சொன்னாள்.

அந்த அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும். கீழக்குயில்குடியில் மலையடிவாரத்தில் கிணறும் தோட்டமுமாக விவசாயம் பார்க்கிறவர். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். ஊர்த் திருவிழாவில் அவர்கள் குடும்பத்துக்குத் தலையில் பரிவட்டம் கட்டி முதல் மரியாதை செய்வார்கள். அந்த நினைப்பு அவருக்கு வருஷம் முழுக்க இருக்கும். தோளில் கிடக்கும் துண்டைச் சாமிக்கு முன்னால் தவிர வேறு எங்கேயும் எடுக்க மாட்டார். உழைப்பாளி என்று பெயர். கரண்ட் ராத்திரியில்தான் ஒழுங்காக வரும் என்பதால் பம்புசெட் அறையிலேயே கட்டில் போட்டுப் படுத்துக்கொள்வார். ராத்திரியெல்லாம் எழுந்து எழுந்து மோட்டாரைப் பார்ப்பாராம். எங்கள் வீட்டில் நான் ஞாயிற்றுக்கிழமை கொஞ்சம் அசந்து தூங்கினால் போதும், எங்க அண்ணனப் பாருங்க என்று அந்த மோட்டார் கதை வந்துவிடும். அவர் மேல் எனக்குப் பொறாமையும் எரிச்சலும் சரிபாதி இருந்தன.

மகன் வடக்கே வேலையில் இருந்தான். மகள்களால் உடனே கிளம்பி வர முடியவில்லை. ஆகவே ஆபரேஷனன்று ஆம்பளைத் துணையாக வந்தவர் அந்த மச்சான்தான். மஞ்சள் பையும், தோளில் துண்டுமாக, வாசல் பெஞ்சில் வந்து உட்கார்ந்தார்.

எனக்கு முதுகில் ஊசி போட்டார்கள். இடுப்புக்குக் கீழே நான் இல்லாமல் போனேன். பச்சைத் துணிக்கு அந்தப் பக்கம் டாக்டர்கள் அடிவயிற்றைத் திறந்து வேலை செய்தபடியே, வைகையில் தண்ணீர் வராததைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். அணையைத் திறந்துவிட வேண்டும் என்றார் ஒருவர். திறந்தாலும் இங்கே வந்து சேராது, வழியிலேயே நின்றுவிடும் என்றார் இன்னொருவர். என்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று பாதி மயக்கத்தில் நினைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன்.

வெளியே நடந்தது எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. என் மனைவி மருந்து வாங்கக் கீழே போயிருந்த நேரத்தில், நர்ஸ் வந்து என் பெயரைச் சொல்லி, கூட வந்த ஆம்பளை யார் என்று கேட்டிருக்கிறார். மச்சான் எழுந்து நின்றிருக்கிறார். வாய் அகன்ற கண்ணாடி பாட்டில் ஒன்றை அவர் கையில் கொடுத்து, பத்திரமாக வைத்திருங்கள், டெஸ்ட்டுக்குக் கொடுக்கிற சீட்டு அம்மாவிடம் வரும் என்று சொல்லிவிட்டு நர்ஸ் உள்ளே போய்விட்டார். எடுத்ததுதானே இது என்று மச்சான் கேட்டதற்கு, ஆமாம் எடுத்ததுதான் என்று பதில் வந்திருக்கிறது. சீட்டு, டெஸ்ட்டு எதுவும் அவர் காதில் ஏறவில்லை. எடுத்தது என்ற ஒரு சொல் அவருக்குப் போதுமானதாக இருந்தது. கல் ஆபரேஷன் செய்தால் எடுத்த கல்லை வீட்டுக்காரர்களிடம் கொடுப்பது அப்போது வழக்கம். வீட்டுக்காரர்கள் அதை வைத்திருந்து வருகிறவர்களுக்குக் காட்டுவதும் வழக்கம். அவர் பாட்டிலை மஞ்சள் பைக்குள் வைத்துக்கொண்டார். சாயங்காலம் எனக்கு மயக்கம் தெளிந்ததைப் பார்த்துவிட்டு, பையோடு பஸ் ஏறிவிட்டார். சீட்டு எதுவும் கைக்கு வராததால், பாட்டிலை ஆஸ்பத்திரியே அனுப்பியிருக்கும் என்று என் மனைவி நினைத்தாள். வீட்டு ஆட்கள் கொண்டுபோயிருப்பார்கள் என்று ஆஸ்பத்திரியில் நினைத்தார்கள்.

நான் குழாயோடு கிடந்தேன். ஒரு குழாய் வழியாக மருந்துத் தண்ணீர் உள்ளே போகும், இன்னொரு குழாய் வழியாக ரத்தமும் தண்ணீருமாகக் கட்டிலுக்குக் கீழே இருக்கிற பாட்டிலுக்குள் இறங்கும். திடீர் திடீரென்று அடிவயிற்றை யாரோ முறுக்கிப் பிழிவது போல வலி வரும். அப்போது கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஆத்தா ஆத்தா என்று கத்துவேன். தூய தமிழில் கத்த வரவில்லை. தினமும் காலையில் என் மனைவி குனிந்து பாட்டிலைப் பார்த்து நிறம் சொல்வாள். முதலில் பீட்ரூட் என்றாள். பிறகு ரோஸ்மில்க் ஆனது. வெறும் தண்ணீராக ஆகிவிட்டால் குழாயை எடுத்துவிடுவார்கள். அதை எதிர்பார்த்து இரண்டு பேரும் காத்துக்கொண்டிருந்தோம்.

பார்க்க வந்தவர்கள் எல்லாரும் வாழைத்தண்டு கொண்டுவந்தார்கள். கல்லுக்கு வாழைத்தண்டு நல்லது என்பது மதுரையில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். சிலர் சிறுபீளை கொண்டுவந்தார்கள். ஒருவர் யானை நெருஞ்சியைக் கட்டாகக் கட்டிக் கொண்டுவந்து, கட்டிலுக்கு அடியில் மூத்திர பாட்டில் பக்கத்திலேயே வைத்தார். அறை தோட்டம் மாதிரி ஆகிவிட்டது. கொண்டுவந்ததைக் கொடுத்துவிட்டு, விசாரித்துவிட்டு, எல்லாரும் கடைசியில் ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்தார்கள்: கல்லைக் காட்டுங்கள். ஆஸ்பத்திரியில் வைத்துக்கொண்டார்கள் என்று சொன்னேன். யாரும் அதை நம்பவில்லை. எங்கள் பழைய தலைமையாசிரியர் சட்டைப் பையிலிருந்து குங்குமச் சிமிழ் ஒன்றை எடுத்துத் திறந்து, தன்னுடைய கல்லைக் காட்டினார். மிளகு அளவில் இருந்தது. அவருக்கு எடுத்து வெகுகாலம் ஆகியிருந்தது. உம்முடையதைக் கேட்டு வாங்கும், அது உமக்குச் சொந்தம் என்று எனக்கு உரிமைப் பாடம் நடத்திவிட்டுப் போனார். நான் படுத்தபடி கையெடுத்துக் கும்பிட்டேன்.

அப்புறம் ஒரு நாள் காலை டாக்டர் வந்து, டெஸ்ட்டுக்குக் கொடுத்தீர்களே, என்ன ஆயிற்று என்று கேட்டார். நான் என் மனைவியைப் பார்த்தேன், அவள் நர்ஸைப் பார்த்தாள். உங்கள் வீட்டு ஆம்பளையிடம் கொடுத்தேனே என்றார் நர்ஸ். அப்போதுதான் மஞ்சள் பை என் மனைவிக்கு ஞாபகம் வந்தது. டாக்டர் கோபப்படவில்லை. அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது. பாட்டிலில் ஊற்றியிருக்கும் மருந்துத் தண்ணீரிலேயே இருந்தால் ஒன்றும் ஆகாது, வெளியே எடுத்துவிட்டால் கெட்டுப்போய்விடும், அப்புறம் எதையும் சொல்ல முடியாது என்றார். கெட்டதா இல்லையா என்று சொல்ல வேண்டிய பொருளே கெட்டுப்போனால், நான் சாகும்வரை தெரியாமலே இருக்க வேண்டியதுதான்.

மத்தியானம் மச்சான் வந்தார். கையில் வாழைத்தண்டு இருந்தது.

"மச்சான், அன்னிக்கு நர்ஸ் ஒரு பாட்டில் குடுத்துச்சா?" என்று கேட்டேன்.

"குடுத்துச்சு மாப்ள. பத்திரமா மோட்டார் ரூம்புல வச்சிருக்கேன். ஊரே வந்து பாத்துருச்சு. இம்புட்டுப் பெரிய கல்ல எவனும் பாத்ததில்லையாம்."

அவர் முகத்தில் அத்தனை பெருமை. டீக்கடை பெஞ்சில் வைத்துக் காட்டியிருக்கிறார். ஏற்கனவே கல் எடுத்த ஓர் ஆள் பாட்டிலைக் குலுக்கிப் பார்த்து, கல் ஊறிப் போயிருக்கிறது, அதனால்தான் சதை மாதிரி தெரிகிறது என்று தீர்ப்புச் சொல்லியிருக்கிறார். தண்ணீரைக் கொட்டிவிட்டு வெயிலில் காய வைத்தால் கெட்டிப்பட்டுவிடும் என்று யோசனையும் சொல்லியிருக்கிறார்.

"இன்னிக்கு மொட்ட மாடில வத்தலோட சேத்துக் காயப்போடச் சொல்லிட்டுத்தான் வாரேன்" என்றார்.

கட்டில் கம்பியைப் பிடித்து எழப் பார்த்தேன். வேண்டாம் மச்சான், உடனே போய் நிறுத்துங்கள் என்றேன். அவர் சிரித்தார். கல் எங்கே ஓடிவிடப் போகிறது, காயட்டும், நாளைக்குக் கொண்டுவருகிறேன் என்றார். டெஸ்ட்டுக்குக் கொடுக்க வேண்டும் என்றேன். கல்லுக்கு என்ன டெஸ்ட்டு என்றார். கேள்வி நியாயமானது. நான் மனைவியைப் பார்த்தேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள்.

"மச்சான், அது கல்லு இல்ல."

"பெறகு?"

முன்னிற்கும் சுரப்பி என்று சொல்லிப் பார்த்தேன். அவர் ஏதோ செய்யுளுக்குப் பொருள் சொல்லப் போகிறேன் என்று காத்திருந்தார். கடைசியில் கண்மாயைப் பிடித்துக்கொண்டேன். கண்மாயில் தண்ணீர் இருக்கிறது, மடை இருக்கிறது, மடை வாயில் சதை வளர்ந்து அடைத்துவிட்டது, அந்தச் சதையைத்தான் எடுத்து பாட்டிலில் போட்டுக் கொடுத்தார்கள் என்றேன். அது புற்றாக இருக்குமோ என்று டாக்டர் சந்தேகப்படுகிறார், பார்த்துச் சொல்ல அந்தச் சதை வேண்டும் என்று சொல்லும்போது என் குரல் உடைந்துவிட்டது.

மச்சான் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பிறகு தங்கையிடம் திரும்பி, தாயி, போயி ஒரு காப்பி வாங்கிட்டு வா என்றார். அவள் போனதும் கதவைப் பார்த்துக்கொண்டார்.

"சொட்டுச் சொட்டா வருமா மாப்ள? முடிஞ்சதுன்னு வந்து படுத்தா திரும்பக் கூப்புடுமா?"

"ஆமா மச்சான்."

"நின்னு நின்னு கால் கடுக்குமா?"

நான் அவரையே பார்த்தேன். அவர் துண்டின் நுனியை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார்.

"மோட்டாரு ரெண்டு வருசமா நல்லாத்தான் ஓடுது" என்றார்.

காப்பிக்குக் காத்திருக்கவில்லை. வாழைத்தண்டை என் கால்மாட்டில் வைத்துவிட்டு வேகமாகப் போனார். அன்றைக்குத் தோட்டத்தில் களையெடுக்க ஆள் வந்திருந்ததால், அவர் மனைவிக்கு மாடிக்குப் போக நேரமில்லை. பாட்டில் அப்படியே இருந்தது. அந்தக் களையெடுத்த பெண்களை நான் பார்த்ததில்லை, ஆனால் இன்றைக்கும் அவர்களை நினைத்துக்கொள்வேன். மச்சான் பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்து, அவரே நேராக லேபில் கொண்டுபோய்க் கொடுத்தார். கொடுத்த சேதியைச் சொல்லிவிட்டுப் போக ஆஸ்பத்திரிக்கு வந்தவர், மோட்டாரைப் பற்றி மறுபேச்சுப் பேசவில்லை. நானும் கேட்கவில்லை.

முடிவு வருவதற்கு முன்னால் குழாயை எடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அடைத்துக்கொண்டு கிடந்தது போய், இப்போது அடைபடவே மாட்டேன் என்றது. இருமினால் வரும், தும்மினால் வரும், நாற்காலியிலிருந்து எழுந்தால் வரும். முன்பு கூப்பிட்டுக் கூப்பிட்டு வராதது, இப்போது கூப்பிடாமலே வந்து நின்றது. அடக்குவது போல இறுக்குங்கள், பத்து எண்ணுங்கள், விடுங்கள், நாள் முழுக்கச் செய்யுங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். வீட்டுக்கு வருகிறவர்கள் கல்லைப் பற்றி என்னிடம் பேசிக்கொண்டே இருப்பார்கள், நான் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டிக்கொண்டே உள்ளுக்குள் இறுக்குவேன். என் முகம் போகிற போக்கைப் பார்த்துவிட்டு, பாவம், இன்னும் வலிக்கிறது போல என்று எழுந்து போவார்கள்.

ஒரு நாள் குளிக்கப் போன இடத்தில், நனைந்த வேட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு அழுதேன். கெட்டதாக இருந்தால் சாவு, நல்லதாக இருந்தால் இந்த ஈரம், இதுதான் மிச்சமா என்று தோன்றியது. ஆம்பளை என்று சொல்லிக்கொள்ள இனி என்ன இருக்கிறது என்றும் தோன்றியது. வெளியே வந்தபோது என் மனைவி என்னுடைய பழைய வேட்டியைக் கிழித்து, பட்டை பட்டையாக மடித்து அடுக்கிக்கொண்டிருந்தாள். எப்படி வைக்க வேண்டும், எப்படி இடுப்புக் கயிற்றில் சொருக வேண்டும் என்று காட்டிக் கொடுத்தாள். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. நான் அழுத முகத்தை அவள் பார்த்துவிட்டாள்.

"நாங்க வயசுக்கு வந்ததுலேர்ந்து மாசாமாசம் இதத்தான மடிச்சு வச்சோம். செத்தா போயிட்டோம்?" என்றாள்.

இத்தனை வருஷம் ஒரே வீட்டில் இருந்தும், அந்தத் துணிகளை எங்கே காயப்போட்டாள் என்றுகூட நான் யோசித்ததில்லை. அவள் மடித்துக் கொடுத்ததை வாங்கிக்கொண்டு உள்ளே போனேன்.

முடிவு வந்த அன்று அவள் ஆஸ்பத்திரிக்கு வரவில்லை. வந்தால் கால் நிற்காது என்று சொல்லிவிட்டாள். மச்சான்தான் துணைக்கு வந்தார். வாசல் பெஞ்சில் கூட்டம். அதில் எங்கள் தெருக்காரர் ஒருவரும் இருந்தார், கல்லு ஆறிருச்சா சார் என்று விசாரித்தார். ஆறிக்கொண்டிருக்கிறது என்று சொல்லிவிட்டு உள்ளே போனோம்.

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். கெட்டது ஒன்றும் இல்லை, வயதானால் வருகிற சாதாரண வீக்கம்தான், கெட்டியாக இருந்த இடத்திலும் ஒன்றும் இல்லை என்றார்.

நான் நன்றி சொல்ல வாயைத் திறந்தேன். நன்றி வரவில்லை, அழுகை வந்தது. அழுகையோடு சேர்ந்து மற்றதும் வந்தது. மடித்து வைத்த துணியெல்லாம் அந்த வெள்ளத்துக்குப் போதவில்லை. பத்து எண்ணச் சொன்ன டாக்டருக்கு முன்னாலேயே, ஒன்றுகூட எண்ண முடியாமல், வேட்டி முழங்கால் வரை நனைந்து உட்கார்ந்திருந்தேன். கதவுக்கு வெளியே தெருக்காரர் இருந்தார். செத்துவிட மாட்டேன் என்று இப்போதுதான் சொல்லியிருந்தார்கள், அந்த நிமிஷமே செத்துவிடலாம் போல இருந்தது.

மச்சான் என்னைத் தோளைப் பிடித்து எழுப்பினார். தன் தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறினார். எனக்கு முன்னால் குனிந்து, நனைந்த வேட்டிக்கு மேலே இடுப்பைச் சுற்றிக் கட்டி, முடிச்சை இறுக்கிவிட்டார். அவர்கள் ஊரில் பரிவட்டம் தலையில் கட்டுவார்கள், எனக்கு இடுப்பில் கட்டினார். கட்டி முடித்துவிட்டுத் தள்ளி நின்று பார்த்து, தெரியல மாப்ள என்றார். வெறும் தோளோடு அவரை நான் பார்த்தது அன்றைக்குத்தான். சின்ன ஆளாகத் தெரிந்தார்.

அவர் என்னைக் கதவுப் பக்கம் கூட்டிக்கொண்டு போகப் பார்த்தார். நான் நகரவில்லை.

"டாக்டர், எங்க மச்சான் தோட்டத்துல ஒரு மோட்டார் இருக்கு" என்றேன். "ராத்திரி பூரா எந்திரிச்சு எந்திரிச்சுப் பாக்க வேண்டியிருக்கு. என்னான்னு கொஞ்சம் பாருங்க."

டாக்டர் ஒரு நிமிஷம் விழித்தார். பிறகு மச்சான் முகத்தைப் பார்த்தார். எழுந்து, கையுறைப் பெட்டியை இழுத்தார். மச்சான் என்னைப் பார்த்த பார்வையில், துண்டைத் திருப்பிக் கேட்டுவிடுவாரோ என்று பயந்தேன். ஆனால் திரைக்குப் பின்னால் போனார். போனவர், திரையை விலக்கித் தலையை மட்டும் நீட்டினார்.

"மாப்ள, வெளிய யாராச்சும் கேட்டா கல்லுன்னு சொல்லிருங்க."

நான் வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தேன். துண்டு ஈரத்தை மறைத்திருந்தது. கூட வந்த பெரியவர் எங்கே என்று தெருக்காரர் கேட்டார். உள்ளே இருக்கிறார், அவருக்கும் கல் என்றேன். தெருக்காரர் ஆர்வமாக என் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தார்.

"எம்புட்டுப் பெருசு சார்?"

"பாத்தாத்தான் தெரியும்" என்றேன். சொன்ன பிறகுதான், அன்றைக்கு டாக்டர் எனக்குச் சொன்ன அதே வார்த்தை என்று உறைத்தது, இடுப்பில் இருந்த துண்டின் முடிச்சை இறுகப் பிடித்துக்கொண்டேன்.